தீவிரவாதி என்று எழுதினால் நீங்கள் கேட்கும் கேள்வி

என் பிரியத்துக்குரிய ஜாபர் அண்ணா,

பாலக்கோட்டுல உங்க மெத்தைக் கடையை இப்ப அண்ணி பாத்துக்கறாங்க. நம்ம இணையக் குழுவை நான் பாத்துக்கறேன். ரெண்டுல எது கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாததா?

உங்க தம்பி ரயில் குண்டுவெடிப்புல போனப்புறம் நீங்க ஆரம்பிச்ச குழு. முன்கூட்டியே தகவல் வந்தும் ஏன் யாரும் தடுக்கலை? அதை வசவு இல்லாம, மதத்தை இழுக்காம பேச ஒரு இடம் வேணும்னீங்க. "கத்துனோம்னா கேள்வி காணாமப் போயிரும் கலை"ன்னு என்கிட்ட சொல்லுவீங்க.

போன மாசம் வடக்க ஒரு ஊர்ல குண்டு வெடிச்சுது. குழு கொதிச்சுது. மத்தியானம் குமரவேல் ஒரு படம் போட்டார். தினமும் தக்காளி விலை போடுவாரே, அவர்தான். "இந்தத் தீவிரவாதி மாரண்டஹள்ளிக்காரன். குண்டு வெடிச்ச ஊர்லதான் ரூம் எடுத்திருந்தான். உளவுத்துறை தூங்குது."

வசவு மளமளன்னு வந்து விழுந்துச்சு. நான் நல்லம்பள்ளி மருந்துக் கடையில மாத்திரை எடுத்துக் குடுத்துட்டு இருந்தேன்.

அப்ப நீங்க பேசினீங்க.

உங்க பேரு. உங்க படம். "நீங்க நேர்ல பாத்தீங்களாங்க? எப்படித் தெரியும்னு சொல்லிட்டு மேல பேசுங்க."

நீங்கதான் உசுரோட இல்லையே! அண்ணிக்குப் போன் பண்ணேன். "அவரு போனு பீரோவுல அணைஞ்சு கிடக்குது கலை"ன்னாங்க. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. 'தீவிரவாதி'ங்கற வார்த்தையை யார் எழுதினாலும், உங்க போன் அணைஞ்சிருந்தாலும், கொஞ்ச நேரத்துல உங்க பேர்ல தானா இந்தப் பதில் போற மாதிரி உங்க மருமகன் செட் பண்ணிக் குடுத்திருந்தாரே!

காரணம் தெரிஞ்சும் பயம் போகலை. இன்னொருத்தர் அதே வார்த்தையை எழுதினார். நீங்க மறுபடியும் கேட்டீங்க, அதே நிதானமா. அதுக்கப்புறம் யாரும் ஒரு எழுத்து எழுதலை. எல்லாரும் போனைப் பாத்துட்டுத்தான் இருந்தாங்க. உங்களை அடக்கம் பண்ண அன்னைக்குக்கூட குழு அவ்வளவு அமைதியா இல்லை அண்ணா.

படத்தை எடுத்துட்டேன். ஆனா அது அதுக்குள்ள எங்கெங்கயோ போயிருச்சு. கொஞ்ச நாள் கழிச்சு அந்த முகமே என் கடை வாசல்ல வந்து நின்னுச்சு. பேரு சாதிக். குழுவை நான்தான் பாத்துக்கறேன்னு விசாரிச்சுத் தேடி வந்திருந்தார். மாரண்டஹள்ளியில இருந்து ஓசூருக்குக் காய்கறி வண்டி ஓட்டறவர். மண்டியில யாரும் லோடு தரலையாம்.

"அந்த ஊரை நான் கண்ணால பாத்ததில்லைங்க அக்கா. நான் வூட்டுக்குள்ள உக்காந்திருக்கேன், அங்க என்னைப் பாத்ததா ஊரே சொல்லுது. எனக்கே ஒரு நேரம், போயிருப்பனோன்னு தோணிருச்சு."

சொல்லிட்டுச் சிரிச்சார். அந்தச் சிரிப்பைப் பாக்க முடியலை.

குமரவேலை வரச் சொன்னேன். சாதிக்கைப் பாத்ததும் அவர் முகம் வெளுத்துருச்சு. "யாரோ அனுப்பினாங்க... நான் சும்மா..."ன்னு இழுத்தார். அப்புறம் சாதிக் கையைப் பிடிச்சுக்கிட்டார். எல்லாக் குழுவுலயும் மன்னிப்புக் கேட்டு எழுதினார், மண்டிக்கும் கூடவே போய்ப் பேசினார். சில பேர் திரும்ப லோடு தர்றாங்க. சில பேர் இன்னும் தர்றதில்லை.

"இந்தப் பேச்சே வேண்டாம், குழுவையே மூடிடலாங்க"ன்னு நிறையப் பேர் சொன்னாங்க. எனக்கும் அதான் சரின்னு பட்டுச்சு. அப்ப சாதிக்கே குழுவுல சேர்ந்து எழுதினார்: "மூடாதீங்க. தகவல் யாருக்கு வந்துச்சு, ஏன் அங்கயே நின்னுச்சு, அதைக் கேளுங்க. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு செத்தவங்களை மறந்துட்டீங்க."

இப்ப நிதானமாப் பேசறாங்க அண்ணா. அரசாங்கம் சொன்னது எது, சொல்லாம விட்டது எதுன்னு பிரிச்சுப் பாக்கறாங்க. கோபமும் இருக்குது, ஆனா யாரையும் கடிக்கலை.

நேத்து உங்க தானியங்கிப் பதிலை நிறுத்திட்டேன். செத்துப்போனவருக்குப் பயந்துதான் வாயை அடக்கணுமா என்ன? இனிமே அந்தக் கேள்வியை நான் என் பேர்ல, என் வாயால கேக்கறேன். யார் திட்டினாலும் கேப்பேன். இது சத்தியம்.

உங்க கூடப்பொறக்காத தங்கச்சி,
கலைவாணி