சொல்லாதே என்றாய்

ஓஷ், பிரான்ஸ்
மார்ச் 24, 2003

என் ரேவாஸுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். விமானத்தில் எனக்கு நடு இருக்கை. ஒரு பக்கம் கன்னியாஸ்திரி, மறுபக்கம் ஒரு வியாபாரி. என் நூற்றுப் பதினெட்டுக் கிலோவை எங்கே வைப்பதென்று தெரியாமல் வழியெல்லாம் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன். உன் அம்மா கொடுத்தனுப்பிய பிளம் சாஸ் புட்டி உடையவில்லை. என் மனைவி லாமாரா அதை என் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறாள். அம்மாவிடம் நன்றி சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை ரக்பி ஆட்டத்தில் கடைசி ஸ்க்ரம். எட்டுப் பேர் எட்டுப் பேரோடு முட்டி நிற்கையில், உன் முதுகைச் சுற்றியிருந்த என் வலது கை ஒரு நொடி என் கையாகவே இல்லை. வெளியே வந்ததும், "டேய், கைக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்டாய். வேர்வையில் வழுக்கிவிட்டது என்றேன். பொய். ஜனவரியிலிருந்து இப்படித்தான். கழுத்தில் ஏதோ நரம்பு. விரல்கள் மரத்துப்போகும், பிறகு சரியாகிவிடும்.

பதினோரு வருஷமாகத் தோளோடு தோள் பின்னி நிற்கிறோம், உன்னிடம் மறைக்க முடியாது. ஆனால் வேறு யாரிடமும் சொல்லாதே. அக்டோபரில் உலகக் கோப்பை. நம் நாடு முதல் முறையாகப் போகிறது. எனக்கு முப்பத்தொன்று, இன்னொரு கோப்பை எனக்கு வராது. ஜூனில் இங்கே கிளப் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஏழு மாதம், ரேவாஸ். அதற்கு மேல் கேட்கவில்லை.

மகள் கேத்தோவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. தாத்தா மாதிரி பேசுகிறாள்.

உன் நோதார்


குத்தாய்சி
ஏப்ரல் 9, 2003

அன்பு நோதார்,

பள்ளிக்கூடத்தில் உன் கையெழுத்தைக் காட்டித்தான் என்னைத் திட்டுவார்கள். இந்தக் கடிதத்தில் வரிகள் மலையிலிருந்து இறங்குகின்றன. அம்மா பார்த்துவிட்டு, "குடிச்சிட்டு எழுதினானா, ஓடுற பஸ்ல எழுதினானா?" என்றாள். பஸ் என்று சொல்லி வைத்தேன்.

நீ எனக்குச் செய்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் தாள் போதாது. பிரான்ஸுக்குப் போன முதல் வருஷமே அணியில் பதினைந்து பேருக்கும் காலணி வாங்கி மூட்டையாகத் தூக்கிக்கொண்டு வந்தாய். என்னுடையது மட்டும் ஒரு அளவு சின்னது. உன்னிடம் சொல்லாமல் இரண்டு வருஷம் கால் கடிக்கக் கடிக்க அதில்தான் ஆடினேன். அப்பா போனபோது விளையாட்டை விட்டுவிட்டு ஓடி வந்து சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் வாங்கினாய். அதனால்தான் அடுத்த வரியை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

நேற்று ரயிலேறித் தலைநகர் திபிலீசிக்குப் போனேன். அணி மருத்துவர் மனானாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"நீங்க வந்தது நோதாருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது. தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவான்."

"கையில தெம்பு இருந்தாத்தானே" என்றார்.

எங்கள் இருவருக்குமே சிரிப்பு வரவில்லை.

நோதார், நடுவில் நிற்பவன் நான். ஸ்க்ரம் சரிந்தால் என் எடையும் சேர்ந்துதான் உன் கழுத்தில் இறங்கும். நீ என்ன கேட்டாலும் செய்வேன். இதை மட்டும் என்னால் செய்ய முடியாது.

ரேவாஸ்


ஓஷ்
மே 2, 2003

ரேவாஸ்,

ஸ்கேன் எடுத்தார்கள். உலகக் கோப்பை இல்லை. ஒப்பந்தமும் இல்லை. கழுத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டுமாம், செய்துகொள்ளப் போவதில்லை. இனி எதற்கு?

ஏழு மாதம்தான் கேட்டேன். எனக்கு எழுதாதே.

நோதார்


பெர்த், ஆஸ்திரேலியா
அக்டோபர் 14, 2003

அன்பு நோதார்,

இது ஆறாவது கடிதம். எழுதாதே என்றாய், எழுதுகிறேன். படிக்காமல் இருக்க உனக்கு உரிமை உண்டு.

முதல் ஆட்டத்தில் செமத்தியாக அடி வாங்கினோம். ஆனால் ஒரு ஸ்க்ரம்மில் அவர்களை மூன்று அடி பின்னால் தள்ளினோம். மூன்றே அடிதான், அரங்கம் எழுந்து கத்தியது. கீதம் பாடும்போது வழக்கம்போல இடப்பக்கம் திரும்பினேன். குராம் நின்றான். நல்லவன், உன் இடத்தில் நிற்கிறோமே என்று அவனுக்கே கூச்சம். "என்னைப் பாக்காதீங்க அண்ணே, முன்னாடி பாருங்க" என்று முணுமுணுத்தான்.

இரவு விருந்தில் கேப்டன் கிண்ணத்தைத் தூக்கி உன் பெயரைச் சொன்னார். எல்லோரும் எழுந்து நின்று குடித்தார்கள். நான் என் கிண்ணத்தை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன்.

லாமாராவுக்கும் கேத்தோவுக்கும் என் அன்பு. அந்த ஆபரேஷனைச் செய்துகொள்ளடா.

ரேவாஸ்


ஓஷ்
ஜூலை 28, 2004

என் ரேவாஸுக்கு,

உன் ஒன்பது கடிதங்களும் பத்திரமாக இருக்கின்றன. பிரிக்காமல் அலமாரியில் போட்டிருந்தேன். நேற்று உட்கார்ந்து பிரித்தால், எல்லாம் ஏற்கனவே பிரித்துப் பசை போட்டு ஒட்டியவை. லாமாராவைப் பார்த்தேன். "யாராவது ஒருத்தர் படிக்கணும்ல?" என்றாள்.

டிசம்பரில் வாசல் படி உறைபனியில் சறுக்கி விழுந்தேன். இரண்டே இரண்டு படி. கால் மணி நேரம் கையும் வரவில்லை, காலும் வரவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். லாமாரா பக்கத்தில் மண்டியிட்டு, "ரெண்டு படிக்கே இப்படின்னா, எட்டுப் பேர் சேர்ந்து விழுந்திருந்தா?" என்று மட்டும் கேட்டாள். ஜனவரியில் ஆபரேஷன் நடந்தது. இப்போது விரல்கள் ஐந்தும் என் பேச்சைக் கேட்கின்றன. இன்று காலை கேத்தோவின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை ஓடினேன்.

அப்போதே உனக்கு எழுதியிருக்க வேண்டும். வெட்கம் விடவில்லை. பிழைத்ததற்கு நன்றி சொல்லிவிடலாம், நான் எழுதிய அந்த நாலு வரிக்கு என்ன சொல்வது? அதனால் தள்ளிப்போட்டேன். இன்று எழுதுவதற்குக் காரணம் வேறு.

பிப்ரவரியிலிருந்து கிளப்பில் முன்வரிசை ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை எனக்கு. பஸ்கால் என்று ஒருவன், வலப்பக்கம் ஆடுகிறவன். முப்பது வயது, மூன்று பிள்ளைகள். போன மாதம், இறுதி ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்னால் பயிற்சியில் தலையில் அடிபட்டது. எழுந்தான், நடந்தான், சிரித்தான். உடை மாற்றும் அறையில் என் காதருகே வந்து, "நோதார், எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. யார்கிட்டயும் சொல்லிடாதே. இது என்னன்னு உனக்குத்தான் புரியும்" என்றான்.

புரிந்தது. அங்கிருந்து டாக்டர் அறை நாற்பது அடி தூரம். பாதியில் நின்று தண்ணீர் குடித்தேன். இன்னும் கொஞ்சம் நடந்து, குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன். அது அவிழ்ந்திருக்கவே இல்லை. அப்போதுதான் உன் நினைவு வந்தது. நீ ஐந்து மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து போனாய். வழியில் எத்தனை ஸ்டேஷன்! ஒன்றில்கூட இறங்கித் திரும்பிவிடவில்லையே. நான் என்னவெல்லாம் எழுதுவேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்தே போயிருக்கிறாய்.

சொல்லிவிட்டேன். அவனை நிறுத்திவிட்டார்கள். ஆட்டத்தில் தோற்றோம். அவன் மனைவி ரொட்டிக் கடையில் என் கையை அழுத்திப் பிடித்துவிட்டுப் போனாள். பஸ்கால் என்னைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுகிறான்.

நன்றி, ரேவாஸ். இத்தனை நாள் கழித்து இந்தச் சொல் எவ்வளவு சின்னதாக இருக்கிறது. அடுத்த மாதம் மூவரும் குத்தாய்சிக்கு வருகிறோம். நேரில் சொல்கிறேன், நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று மட்டும் எழுது. பயிற்சி மறுபடி தொடங்கிவிட்டது. தினமும் காலையில் களத்தில், "வணக்கம், பஸ்கால்" என்கிறேன். அவன் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். இன்றைக்கு ஒன்பதாவது நாள். நாளைக்கும் சொல்வேன். ஆனால் எனக்கு ஒன்பது நாளிலேயே மனம் சோர்கிறது. பதினைந்து மாதம் நீ எப்படியடா எழுதிக்கொண்டே இருந்தாய்?

உன் நோதார்