கோட்டைக்குத் திரும்பிய சுவர்

தம்பிக்கு,

நம் இருவர் நிலத்துக்கும் நடுவே நின்ற சுவர் இப்போது இல்லை. மலைமேல் இடிந்து கிடக்கும் கோட்டையை ஆராய வந்தவர்கள், அதன் கற்களை நம் சுவரில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒவ்வொன்றிலும் எண் எழுதி மேலே கொண்டுபோய்விட்டார்கள்.

பாகம் பிரித்த அன்று, ஒரு வார்த்தை பேசாமல் ஆளுக்கொரு முனை பிடித்து இறக்கினோமே, அதே கற்கள்.

"இதை ஒரு ஆளு தூக்கியிருக்க முடியாதே. கூட யாரு?" என்று அதிகாரி அதட்டினார்.

"என் தம்பிதாங்க" என்றேன். ஒன்பது வருஷமாக என் வாயில் வராத சொல். காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே.

வேலி போட வந்தவனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். உழவுக்கு நாளாகிறது. உன் பக்கம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வந்து காட்டு.

காட்டாவிட்டாலும் பரவாயில்லை, வா.

அண்ணன்