அடம் என்று நாங்கள் சொன்னது

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா அந்த ஆங்கில அகராதியை என் கையில் கொடுத்தார். அட்டை கிழிந்து, காலண்டர் தாள் ஒட்டிய அதே தடிப் புத்தகம். மெர்போக் பக்கம் ரப்பர் தோட்டத்து ஆபீஸை மூடியபோது குப்பைக்குப் போகவிருந்ததை உன் அப்பா தூக்கி வந்தாராமே, அதேதான். பிரித்ததும் உன் தலைவலித் தைலத்தின் வாசனை வந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

செமிலிங்கிலிருந்து கூலிம் தொழிற்சாலைக்கு ஏழு வருஷம் கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் போய் வந்தோம். மற்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார்கள். உன் மடியில் மட்டும் இந்தச் செங்கல் இருக்கும். பதினேழு வயசில், ஐந்தாம் படிவத்தோடு படிப்பு நின்றுபோனவளுக்கு இங்கிலீஷ் மேல் அப்படி என்ன மோகமோ, எனக்குப் புரிந்ததே இல்லை.

ஒரு நாள் 'நீட்ஸ்' என்ற சொல்லில் விரலை வைத்து என்னை எழுப்பினாய். தேவைகள் என்றுதானே அதற்கு அர்த்தம், இதற்கா என் தூக்கத்தைக் கெடுத்தாய் என்று சிடுசிடுத்தேன்.

"இல்லடி. பழைய இங்கிலீஷ்ல 'மஸ்ட் நீட்ஸ்'னு சேத்து எழுதுவாங்களாம். அவன் போயே ஆகணும், வேற வழியில்லன்னு அர்த்தம். அப்புறம் பாரு, அடம்பிடிச்சுப் போறவனக் கிண்டல் பண்றதுக்கும் அதையே வெச்சிக்கிட்டாங்க. கொட்டுற மழையில இவரு போயே ஆகணுமாம், அந்த மாதிரி."

"ஏன் அப்படி மாறிச்சு?"

"அது இதுல போடல. வெளிய நின்னு பாக்குறவனுக்கு ரெண்டும் ஒன்னாத்தானே லா தெரியும்."

நான் கொட்டாவி விட்டுவிட்டுத் திரும்பத் தூங்கிப்போனேன்.

அடுத்த வருஷம் உன் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. செவ்வாய், வியாழன், சனி சுங்கை பட்டாணியில் டயாலிசிஸ். மற்ற மூன்று நாள் வேலை. நம் சூப்பர்வைசர் இளகிய மனசுக்காரர், அதற்கு ஒப்புக்கொண்டார். டயாலிசிஸ் நாளிலும் நீ யூனிபார்ம் போட்டு, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடு பஸ் ஏறுவாய். சுங்கை பட்டாணி முச்சந்தியில் இறங்குவாய். சிகிச்சை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல், எங்கள் பஸ் திரும்பும்வரை கடை ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாய். ஒரு டாக்சி பிடித்துப் போய்ப் படுத்தால் என்ன என்று பஸ்ஸில் பேசாதவர்கள் இல்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பஸ் படியிலேயே மடங்கி உட்கார்ந்துவிட்டாய். உன்னைத் தூக்கி சீட்டில் போட்டதும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பயம்தான் அப்படி வந்தது என்று இன்றைக்குத் தெரிகிறது.

"டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டாரு. மனு போட்டா, வேல செய்ய முடியாதவங்களுக்கான பென்ஷனும் கெடைக்கும். ஒனக்கு மட்டும் தெனம் கெளம்பியே ஆகணுமோ? என்னடி அடம் இது?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாய். "ஆமா லா. கெளம்பியே ஆகணும்."

பஸ்ஸே சிரித்தது. நான் இரண்டு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, சீட்டையும் மாற்றி உட்கார்ந்தேன். மூன்றாவது வாரம் நீ இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவிடமும் அதே புராணத்தைத்தான் பாடினேன். "அவ அந்த அடத்த விட்டிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாம்மா."

"அடம் இல்லம்மா," என்றார். "எனக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னுதான் தெனமும் போனா. அவ அப்பா மூணு வருசம் அந்த மெஷின்ல கெடந்தாரு. இன்னொரு தடவ பாக்க எனக்குத் தெம்பில்லன்னு அவ காதுல விழுற மாதிரி நான்தான் சொல்லித் தொலைச்சேன்."

"அப்ப ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"துணி தொவைக்கிறது நான்தானே. சட்டக் கையில ரத்தக் கறை."

"கேக்கலியாம்மா நீங்க?"

"எப்படிக் கேப்பேன்? கேட்டுட்டா, அவ பட்ட பாடெல்லாம் வீணாப் போயிடுமே. தெரியாத மாதிரி தெனம் சோறு கட்டிக் குடுத்தேன்."

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. எனக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்.

இப்போது பஸ்ஸில் யாராவது யாரையாவது அடம்பிடிக்கிறவள் என்று சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கிறது. வாயைத் திறந்து அதட்டவும் செய்கிறேன். நான் கிழவியாகிவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும்.

உன் அம்மாவுக்கு வேறு வழியில்லை. உனக்கும் வேறு வழியில்லை. எனக்கு இருந்தது. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று ஒரே ஒரு தடவை மெதுவாகக் கேட்டிருந்தால், நீ என்னிடமாவது சொல்லியிருப்பாய்.