நான் அனுப்பிய வீடியோ

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் சர்க்கரையும் அம்மாவின் முழங்கால் வலியும் எப்படி இருக்கின்றன? நான் இங்கே மலேசியாவில், கிள்ளானில் நலம், அசதிதான்.

பயப்பட ஒன்றுமில்லை. என் அறையில் தங்கியிருக்கும் அசாருதீன் அண்ணன் போன வாரம் கிடங்கில் தலைசுற்றி விழுந்துவிட்டார். அவர் ஒரு மாதமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடவில்லை என்பது கிளினிக்கில்தான் தெரிந்தது.

"யாரு நிறுத்தச் சொன்னா?" என்று டாக்டர் லோகேஸ்வரி கேட்டார்.

"வீடியோல ஒரு டாக்டர் சொன்னாரு."

டாக்டரம்மா அந்த வீடியோவைக் கடைசிவரை பார்த்தார். "இவரு சர்க்கரைக்குப் பவுடர் விக்கிறவரு லா, அண்ணே. கடைசில ஆர்டர் நம்பர் போட்டிருக்கு பாருங்க."

அண்ணன் தேறிவிட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. வேலை முடிந்து வந்த களைப்பில், பாதிகூடப் பார்க்காமல், அதே வீடியோவை உங்களுக்கு அனுப்பியவன் நான். மகன் அனுப்பினான் என்றே நம்பியிருப்பீர்கள். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று நேற்று போனில் கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்று வைத்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். மாத்திரையை நிறுத்தியிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இனி நானே அனுப்பினாலும் அங்கே டாக்டரைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள்.

மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்பத் தங்கச்சியிடம் சொல்லுங்கள். வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது. படத்தில் நீங்களும் இருங்கள், அப்பா.

உங்கள் மகன்
ரவிசங்கர்