இரண்டாம் பாலத்தின் நடுத்தூண்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் நீ பாதியில் கத்துவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம். இரண்டாம் பாலத்தின் மேல் உன் புத்தக வெளியீட்டு விழாவுக்கு அனுமதி கிடையாது. இருநூறு நாற்காலி, மேடை, ஒலிபெருக்கி. அது பாலமா, அரங்கமா?

பாலப் பராமரிப்புப் பிரிவில் பதினாறு வருஷமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். மழைநீர் வடியும் துளைகளில் ஜனங்கள் குப்பையைத் திணிக்கிறார்கள், உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. நீயும் சேர்ந்து என் உயிரை வாங்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

கோபத்துடனும் அன்புடனும்,
அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கோபமும் நலம் என்று தெரிகிறது.

நம் ஊர்க் கால்வாயின் ஏழு பாலங்களைப் பற்றி ஐந்து வருஷம் அலைந்து எழுதிய புத்தகம் இது. பழைய மரப்பாலம் வெள்ளத்தில் போன பிறகு இரண்டாம் பாலத்தை எழுப்பிய மேஸ்திரி நம் அப்பா. அவர் போய்ப் பத்து வருஷமாகிறது. அவர் பெயரை இந்த ஊரில் ஒருத்தர் சொன்னதில்லை. அவர் கட்டிய பாலத்தில் நின்று அவரைப் பற்றிப் பேச உன் கையெழுத்து வேண்டுமா?

உன் மேலதிகாரியைப் பார்த்தேன். "தாராளமா நடத்துங்க" என்றார். 22ஆம் தேதி விழா. முன்வரிசையில் உனக்கு ஓர் இடம்.

தம்பி

ஜூன் 17

தம்பிக்கு,

என் தலைக்கு மேலே போய் அனுமதி வாங்கிவிட்டாய். கெட்டிக்காரன்தான்.

நேற்றுக் கால்வாயில் தண்ணீர் இறங்கியிருந்தது. படகில் போய் நடுத்தூணைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். ஒரு பக்கம் முழுக்க உள்ளே கூடாக இருப்பதுபோல் சத்தம். துளைத்துப் பார்த்தால் மேலே நாலு விரல் பூச்சு, உள்ளே உடைந்த செங்கல்லும் மண்ணும். கட்டும்போதே அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். பழைய பதிவேட்டில் அந்தத் தூணுக்கு நேரே "சரிபார்த்தேன்" என்று கையெழுத்துப் போட்டிருப்பவர் அப்பா.

மேலதிகாரியும் வந்து பார்த்துவிட்டு விழா அனுமதியை ரத்துசெய்தார். நாளைக் காலையிலிருந்து பாலத்தை மூடுகிறேன். பதிவேட்டின் அந்தப் பக்கத்தையும் அறிக்கையில் சேர்த்திருக்கிறேன்.

அக்கா

ஜூன் 19

அக்கா,

விழாவை நிறுத்த உனக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. உனக்கு அப்பாவை எப்போதுமே பிடிக்காது. அழைப்பிதழ் வாங்கியவர்கள் எல்லாம் வீட்டு வாசலில் வந்து என்னைக் கேள்வி கேட்கிறார்கள். அந்த ஒரு பக்கத்தையாவது அறிக்கையிலிருந்து எடுத்துவிடு. செத்தவரா வந்து பதில் சொல்லப்போகிறார்? எடுக்கவில்லையென்றால் இதுதான் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம்.

தம்பி

ஜூன் 20

தம்பிக்கு,

எடுக்க மாட்டேன். எனக்கு மட்டும் அவர் அப்பா இல்லையா? தினமும் காலை ஏழு மணிக்குப் படகு கிளம்பும். வந்து உன் கண்ணால் பார். அதற்குப் பிறகு எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம்.

அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ இல்லாத நாளாகப் பார்த்துப் போனேன். உன் ஆட்கள் படகில் ஏற்றிக்கொண்டார்கள். தூணில் துளைத்த இடத்தில் கையை விட்டேன். முழங்கை வரை போயிற்று. கையில் வந்தது ஈரமண்.

"முப்பது வருஷமா பஸ் போயிருக்கே, எப்படிங்க நின்னுது?" என்று கேட்டேன்.

"மத்த மூணு பக்கமும் நல்லா கட்டியிருக்காங்க சார். அதான்" என்றார் படகுக்காரர்.

அந்த மூன்று பக்கமும் அப்பாதான். இந்த ஒரு பக்கமும் அவர்தான். யார் அவசரப்படுத்தினார்கள், ஏன் கையெழுத்துப் போட்டார், எதுவும் தெரியவில்லை. தெரியவில்லை என்றே புத்தகத்தில் எழுதிவிட்டேன். அச்சை நிறுத்தி அப்பாவைப் பற்றிய அத்தியாயத்தை மாற்றச் சொன்னதில் அச்சகத்துக்காரர் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

உனக்கு அப்பாவைப் பிடிக்காது என்று எழுதியிருக்கக் கூடாது.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. பாலத்தை ஏன் மூடினார்கள் என்று தினமும் கேட்கிறாள். பெயின்ட் அடிக்கிறார்கள் என்று புளுகிவைத்திருக்கிறேன். பேப்பரில் வருவதற்குள் சொல்லியாக வேண்டும். என்னால் தனியாக முடியாது. ஞாயிற்றுக்கிழமை வா. மூன்றாம் பாலம் வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். ஒன்பது மணிக்கு அங்கே வந்து நிற்கிறேன், சேர்ந்தே வீட்டுக்குப் போகலாம்.

உன் தம்பி