கவுனில் இருக்கிற கப்பல்

தேனு,
கடற்கரைக்குப் போறேன். மத்த போட்டெல்லாம் கரைக்கு வந்தாச்சு, அப்பா போட்டு மட்டும் இன்னும் வரல. போனும் எடுக்கல. நண்டுக் குழம்பு சட்டியில இருக்கு.

சாயங்காலம் காலேஜ் விழாவுக்கு அந்தக் கப்பல் படம் போட்ட லோலிட்டா கவுன, அதான் பொம்மைக்குப் போடுற மாதிரி குடையா விரியுமே, அதப் போடாத. ஸ்ட்ராபெரி கவுனப் போடு. கவுன்ல இருக்குற படமே ரிப்பன்லயும் பையிலயும் வரணும்பியே, அதெல்லாம் கட்டில்மேல எடுத்து வச்சிருக்கேன்.

காலையில திட்டினதுக்குக் கோச்சுக்காத. அலையில சாஞ்சு கெடக்குற கப்பல், அதுக்குக் கீழ அப்பா போட்டு பேர வேற தச்சிருக்க. எனக்கு அது அபசகுனமாப் பட்டுச்சு. நீ கிளம்பினதும் அந்தப் பேர்ல ரெண்டு எழுத்தப் பிரிச்சுட்டேன்.
அம்மா

பிரிச்சுக் கையக்கூட எடுக்கல, அதுக்குள்ள போட்டு வரலன்னு சேதி வந்துடுச்சு. சோறு அப்புறம் தின்னுக்கலாம். முதல்ல உக்காந்து அந்த ரெண்டு எழுத்தையும் தச்சுடு கண்ணு.