உனக்குப் போடாத புள்ளடி

என் ரஞ்சி மச்சாளுக்கு,

நீ சிரிப்பாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது உனக்கு ஒரு பிறந்தநாள் மட்டைகூட நான் ஒழுங்காக எழுதித் தந்ததில்லை. ஏதும் கதைக்க வேண்டுமென்றால், பாலர் பள்ளியில் வேலை முடிந்ததும் உன் சாரதிப் பயிற்சிக் காரில் ஏறிக் குந்தி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு என் வீட்டு வாசலில் இறங்கிவிடுவேன். அந்தக் காரை உன் மனுசன் சிவம் அண்ணை ஓகஸ்டில் விற்றுவிட்டார். வாங்கினவர் திராமன் நகரப் பக்கம் கொண்டு போய்விட்டார். இனி எங்கே ஏறி இருந்து உன்னோடு கதைப்பது, சொல்லு?

நாளைக்குத் தேர்தல். ஒஸ்லோவின் இந்த மோர்டென்ஸ்ருட் பகுதியில் நீயும் நிற்கிறாய்.

நீ போனது பள்ளிக்கூடங்கள் கோடை விடுமுறைக்கு மூடிய கிழமை. அதற்குள் பகுதிச் சபைக்கான நம் கட்சியின் வேட்பாளர் பட்டியலை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். செத்தவீட்டு அலுவல்கள் முடிந்த பிறகு, நம் கட்சிப் பெண்கள் சங்கத் தலைவி பெரித் தேர்தல் அலுவலகத்துக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டாள். பெயரை இனி எடுக்க முடியாதாம். வாக்குச்சீட்டில் நீ இரண்டாவது பெயராக அப்படியே இருப்பாயாம். ஆட்கள் உனக்குப் பக்கத்தில் புள்ளடி போடலாமாம். ஆனால் சபைக் கதிரை என்று வரும்போது உன்னைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போய்விடுமாம். பெரித் இதைச் சொல்லிவிட்டு மூக்கைச் சீறினாள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. செத்த பிறகும் தேர்தலில் நிற்கிறதென்றால் அது உன்னால்தான் முடியும்.

சங்கத்துச் செய்திகளைச் சொல்லாவிட்டால் நீ விடமாட்டாய். நிலக்கீழ்ப் புகையிரத நிலைய வாசலில் நம் நீலக் கூடாரத்தை இந்த முறையும் அடித்தோம். சனிக்கிழமைகளில் எல்லாம் மழை. நாங்கள் சுடுகிற வாபிள் கருகின வாசத்துக்கே சனம் வந்து நிற்கிறது. பிறகு கட்சியின் பெயரைப் பார்த்துவிட்டு, வாபிளை வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கத்துக் கூடாரத்துக்குப் போகிறது. அகதியாக வந்த சனத்துக்கு வலதுசாரிக் கட்சியில் என்ன வேலை என்று என் மனுசன் இன்னும் நக்கலடிக்கிறார். அடித்துக்கொண்டே கூடாரத்துக் கம்பிகளைத் தூக்கி வந்து பூட்டித் தருகிறார். வாக்கு மட்டும் எதிர்க் கட்சிக்குத்தான் போடுவாராம். நீ இருந்திருந்தால், ஒற்றை ஆளாக ஒரு காரை வைத்துப் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவள் வரி கட்டிப் படும் பாட்டை அவருக்கு முதலில் இருந்து சொல்லத் தொடங்கியிருப்பாய். அவரும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடியிருப்பார்.

பனி உருகியதும் வழமைபோல எல்லோருமாகச் சேர்ந்து குப்பை பொறுக்கினோம். அப்போது நீயும் வந்தாய், நினைவிருக்கிறதா? நோயில் குனிய ஏலாமல் கதிரை போட்டிருந்து எங்களை வேலை வாங்கினாய். ஓகஸ்டில் முன்கூட்டிய வாக்களிப்புத் தொடங்கியதும், நூலகத்துக்குப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனோம். குடியுரிமை இல்லாவிட்டாலும் இங்கே சில வருடம் இருந்த ஆட்கள் உள்ளூர்த் தேர்தலில் வாக்குப் போடலாம் என்பது கனபேருக்கு இன்னும் தெரியாது. எந்தக் கட்சிக்குப் போடுகிறீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அது நீ வைத்த சட்டம். வாசல்வரை கூட்டிக்கொண்டு போ, மறைப்புக்குள்ளே எட்டிப் பார்க்காதே என்பாய்.

இனி அறையைப் பற்றிச் சொல்கிறேன். நிலையத்துக்கு மேலே இருக்கிற அந்தச் சின்ன அறை. புதன்கிழமை பின்னேரங்களில் நம் சங்கம் திறந்து வைக்கிற இடம். யார் வேண்டுமானாலும் வரலாம், கட்சி வித்தியாசம் இல்லை. அங்கேதான் சாரதிப் பரீட்சைக் கேள்விகளை நீ தமிழிலும் நொர்வேஜியனிலும் மாற்றி மாற்றிச் சொல்லிக் கொடுப்பாய். அங்கேதான் சோமாலிப் பெண்கள் அரசாங்கக் கடிதங்களைக் கொண்டுவந்து பெரித்திடம் வாசிக்கக் கொடுப்பார்கள். மனுசி செத்த பிறகு வாயே திறக்காத அந்த நொர்வேஜியன் கிழவர்கூட, பெண்கள் சங்கம் என்று தெரிந்தும் வந்து ஒரு மூலையில் கோப்பி குடித்துவிட்டுப் போவார். அந்த அறைக்குப் பகுதிச் சபை கட்டுகிற வாடகை அதிகம், கைவிடலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. புதுச் சபை கூடியதும் இலையுதிர் காலத்து வரவுசெலவில் அதை முடிவெடுக்கும்.

இதில் பகிடி என்னவென்றால், செலவைக் குறைப்போம் என்று வாக்குக் கேட்கிறதே நாங்கள்தான். நம் கட்சி ஆம்பிளைகளே, மற்ற எல்லாவற்றையும் வெட்டச் சொல்லிவிட்டு இந்த அறைக்கு மட்டும் எப்படிக் கை தூக்குவது என்று இழுக்கிறார்கள். போன மாரியில் நீ எழும்பி அவர்களுக்குச் சொன்ன பதில்தான் எங்களிடம் இருக்கிற ஒரே பதில். அறையை மூடினால் இந்தப் பெண்கள் அவ்வளவு பேரும் நாளைக்கு அரசாங்கக் கந்தோர் வாசலில் நிற்பார்கள், சம்பளம் வாங்கும் ஆள் அவர்களோடு இருக்க வேண்டும், அப்போது எது செலவு கூட என்று நீங்களே கணக்குப் பாருங்கோ என்றாய். ஆனால் சபைக்குள்ளே இருந்து அதைச் சொல்ல நம் சங்கத்தில் ஒருத்தி வேண்டும். அது நீயாக இருந்தது. நீ இல்லையென்றால் சங்கத்தில் இருந்து பட்டியலில் நிற்கிறவள் நான்தான்.

நான்! பேரை மட்டும் தா, பட்டியலில் இடம் நிரப்பத்தான், நீ ஒண்டும் செய்யத் தேவையில்லை என்று சொல்லித்தானே என்னிடம் கையெழுத்து வாங்கினாய்? என் பெயர் அடியில் கிடக்கிறது. மேலே ஏற வேண்டுமென்றால் ஆட்கள் என் பெயரைத் தேடிப் புள்ளடி போட வேண்டும். அவர்கள் தேட வேண்டுமென்றால் நான் போய்க் கேட்க வேண்டும்.

கேட்கத்தான் போனேன். வீடு வீடாகப் போனேன். கதவு திறந்ததும் எல்லோரும் உன் பெயரைத்தான் சொன்னார்கள். இந்தப் பகுதியில் கார் ஓடுகிற தமிழ்ப் பெண்களில் பாதிப்பேர் உன்னிடம் ஏச்சு வாங்கிப் பழகினவர்கள். பரமேஸ் அன்ரியை எடுத்துக்கொள். ஒவ்வொரு முறையும் பரீட்சையில் தவறிவிட்டு வந்து உன் காரில் அழுவாரே, அவர்தான். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னை றோட்டுக்கு விட்டவள் அவள்தான், பிள்ளை. அவளுக்குப் போடாமல் நான் வேற ஆருக்குப் போடுறது?"

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அன்ரி, எத்தனை பேருக்கும் புள்ளடி போடலாம், அவளுக்கும் போடுங்கோ, எனக்கும் போடுங்கோ. இவ்வளவுதான். சொந்த நாட்டுத் தேர்தலிலும் ஒரே சீட்டில் மூன்று பேருக்கு விருப்பு வாக்குப் போட்ட சனம், அன்ரிக்கு இது விளங்காதா? ஆனால் நான் சொன்னது, ஓம் அன்ரி, நானும் அவளுக்குத்தான் என்று. பிறகு இரண்டு பேருமாக அழுதோம். தேத்தண்ணி குடித்தோம். வந்துவிட்டேன்.

எல்லா வாசலிலும் இதே கதைதான். கீழே மழைக்குள் காத்துக்கொண்டு நின்ற பெரித், எப்படிப் போனது என்று கேட்பாள். எல்லோரும் ரஞ்சிக்குப் போடுவார்கள் என்பேன். ஒருநாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. ரஞ்சியை நானும்தான் தேடுகிறேன், அதற்காக அவளைக் கொண்டுபோய்ச் சபையில் இருத்த முடியாது, உன் பெயரைச் சொல்ல உனக்கு என்ன வெட்கம் என்று கேட்டாள். அவளுக்கு எப்படிச் சொல்லி விளங்கப்படுத்துவது? எனக்குப் போடுங்கோ என்று வாய் திறந்தால், நீ எழும்பிப் போன கதிரையின் சூடு ஆறுவதற்குள் நான் போய்க் குந்துவது மாதிரி இருந்தது. அதைவிட இன்னொன்றும் இருக்கிறது, மச்சாள். ஆட்கள் உன் பெயரைச் சொல்லக் கேட்கத்தான் நான் அந்த வாசல்களுக்குப் போனேன் போல. வேறெங்கே எனக்கு அது கிடைக்கும்? ஒவ்வொரு வீட்டிலும் எனக்குத் தெரியாத ஒரு ரஞ்சி இருந்தாள். எவ்வளவு கேட்டும் எனக்கு அது காணாது, காணாது என்று இருந்தது.

நேற்றுக் காலை உன் வீட்டுக்குப் போனேன். சிவம் அண்ணையிடம் வாக்குக் கேட்கிற எண்ணம் சத்தியமாக எனக்கு இல்லை. புட்டு அவித்தேன், கொண்டுபோய்க் கொடுத்தேன், அவ்வளவுதான். தபால் பெட்டியில் அவருடைய பெயர் மட்டும் தனியாக இருந்தது. உள்ளே மேசையில் தேர்தல் துண்டுப் பிரசுரங்களுக்கு நடுவில், கூடாரத்தில் கொடுக்கிற நம் கட்சியின் வாக்குச்சீட்டு ஒன்றை விரித்து வைத்திருந்தார். உன் பெயர் மேலே இருந்தது. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்று எனக்கு விளங்கியது.

திங்கட்கிழமை போவீங்களோ என்று கேட்டேன். உன் மனுசன் கதைக்கிற ஆளா? நேற்றுக் கதைத்தார்.

"எல்லா இடத்திலயும் அவளின்ர பேரை எடுத்துப்போட்டாங்கள், வசந்தி. பாங்கில இல்லை. ரெலிபோனில இல்லை. தபால் பெட்டியில இருந்ததை நானே கழட்டினனான். இந்தத் தாளில மட்டுந்தான் இன்னும் உயிரோட இருக்கிற ஆக்களுக்கு நடுவில இருக்கிறாள். நான் அவளுக்குப் போடுவன். அவளுக்கு மட்டும்."

சரி அண்ணை என்று சொல்ல வாய் எடுத்தேன். வழக்கமாகச் சொல்வதுதானே. ஆனால் அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்குத் திடீரென்று கோபம் வந்தது. அவரில் இல்லை, உன்னில்தான். செவ்வாய்க்கிழமை இந்தத் தாளும் குப்பைக்குப் போய்விடும். பிறகு எங்கே போய் உன் பெயரைப் பார்ப்பது? அந்த அறையையும் பூட்டிவிட்டால், புதன்கிழமைகளில் உன்னைப் பற்றிக் கதைக்க இந்த ஒஸ்லோவில் எங்களுக்கு எந்த இடம் இருக்கிறது?

"அவளுக்குப் போடுங்கோ, அண்ணை," என்றேன். "எனக்கும் போடுங்கோ. என்ர பேர் அடியில கிடக்கும், தேடிப் போடுங்கோ. எனக்கு அந்தக் கதிரை வேணும்."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்பது உறைத்தது. நிலம் பிளந்து என்னை உள்ளே எடுத்தால் நல்லது என்று இருந்தது. அண்ணை கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, தாளின் அடியில் இருந்து ஒவ்வொரு பெயராக விரலை வைத்து மேலே வந்தார். என் பெயரில் விரல் நின்றது.

"இவ்வளவு நாளும் ஏன் என்னட்டை வந்து கேக்கேல்லை?" என்றார்.

அவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தார். புட்டை இரண்டு பேருமாகச் சாப்பிட்டோம்.

அதன் பிறகு எனக்கு ஏதோ பிடித்த மாதிரி. நேற்று முழுநாளும், இன்றைக்குக் காலையிலும், ஏற்கெனவே போன வாசல்களுக்கு எல்லாம் திரும்பிப் போனேன். அழவில்லை, தேத்தண்ணி குடிக்கவில்லை. என் பெயரைச் சொன்னேன், அறையைச் சொன்னேன், வந்தேன். பரமேஸ் அன்ரி, இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே என்று என்னை ஏசினார். முன்கூட்டியே வாக்குப் போட்டுவிட்ட ஆட்களை என்ன செய்ய? அவர்கள் உனக்கு மட்டும் போட்டுவிட்டார்கள். மிச்சப்பேரின் வாக்குகள் போதுமா, காணாதா என்று எனக்குத் தெரியாது. பெரித்துக்கும் தெரியாது. ஆனால் அவள் கூடாரத்தை மடித்துக்கொண்டு நின்றபோது, நான் போய் எல்லோரிடமும் கேட்டுவிட்டேன் என்றதும் ஈரக் கையோடு என்னைக் கட்டிப் பிடித்தாள். நொர்வேஜியன் ஆட்கள் அப்படிக் கட்டிப் பிடிப்பது கொஞ்சம்தான், உனக்குத் தெரியும்.

நீ இல்லாமல் எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை, ரஞ்சி. இதை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். வெல்கிறது தோற்கிறது என்று எது நடந்தாலும் நான் முதலில் சொல்ல ஓடி வரும் ஆள் நீதான். நாளைக்கு இரவு முடிவு வரும். அதை நான் யாருக்குச் சொல்வேன்?

ஒரு வாக்குத் தருகிறேன், கேள். வென்றால் அந்த அறைக்காகச் சபையில் எழும்பிக் கதைப்பேன், ரஞ்சி சொன்னாள் என்று சொல்லமாட்டேன், நான் சொல்கிறேன் என்று சொல்வேன். தோற்றாலும் பார்வையாளர் வரிசை வாங்கில் போய் இருந்து கேள்வி கேட்பேன். அதற்கு முதல் ஒன்று செய்ய வேண்டும். நாளைக்கு அந்த மறைப்புக்குள்ளே போய் நான் உனக்குப் புள்ளடி போடமாட்டேன். இரண்டு பேருக்கும் போடலாம்தான், எனக்குத் தெரியும். அண்ணை போடட்டும், அன்ரி போடட்டும், ஊர் முழுக்கப் போடட்டும். நான் போட்டால் திரும்பவும் உனக்குப் பின்னால் போய் நின்றுவிடுவேன். என் பெயருக்கு மட்டும்தான் போடுவேன்.

கோபமென்றால் வந்து ஏசு, மச்சாள். ஒரே ஒரு தரம் வந்து ஏசிவிட்டுப் போ.

உன் கதிரையைக் கேட்டுவிட்ட,
உன் மச்சாள்
வசந்தி